ஸ்பானிஷ் நோட்டும் பத்தொன்பது நாளும்

தம்பி, இந்தக் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் பிரித்திருந்தால் மடித்துப் பையில் போட்டுக்கொள். அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து படி. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. பத்திரிகை, பந்தல், மேளக்காரர் என்று அப்பா ஏதோ எழுதியிருப்பார் என்று நினைத்திருப்பாய். அந்த வேலையெல்லாம் அதன்பாட்டில் நடக்கிறது. இது வேறு. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாகத் தந்தி கவுண்டரில் உட்கார்ந்து, ஊராருக்கு வந்த சாவுச் செய்தியை எல்லாம் முகம் மாறாமல் எழுதிக் கொடுத்த கிராணி நான். நேற்று நாகப்பன் சொன்ன ஒரே ஒரு வார்த்தையில் ஆடிப்போய்விட்டேன்.

ஆமாம், நாகப்பனைத்தான் சொல்கிறேன். உன் கூட்டாளி நாகா. அந்தப் பெயரைப் பார்த்ததும் உனக்கு முகம் சுருங்கும் என்று தெரியும். நீ அனுப்பிய அழைப்புப் பட்டியலில் எழுபத்திரண்டு பெயர் இருந்தது. உன் பழைய பந்துக் கூட்டாளிகள், தெங்கேரா ரொட்டிக்காரர், உனக்கு முடி வெட்டியவர்கூட இருந்தார். நம் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், இதே காஜா பேராங்கில், வீட்டில் மலாயே பேசும் மலாக்காச் செட்டிகளின் கம்பத்தில் இருக்கிறவன் பெயர் இல்லை. பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு நான் மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தேன். உன் அம்மா, பித்தமாக இருக்கும் என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பித்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதே, அதற்குக் காரணமான உன் ஸ்பானிஷ் நோட்டை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நாகப்பன் இல்லை. நான். உன் அப்பன். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். திரும்ப எடுக்க அரைமணி நேரம் ஆனது.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மழை அடித்து உன் அறையில் கூரை ஒழுகியது. மெத்தை நனைந்துவிடப்போகிறதே என்று சுருட்டினேன். அடியில் நீல அட்டை போட்ட நோட்டு இருந்தது. திறந்தேன், தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு வரி. ஆறு வரியிலும் ஒரே வார்த்தை, வால் மட்டும் மாறி மாறி: காந்தோ, காந்தாஸ், காந்தா, காந்தாமோஸ், காந்தாயிஸ், காந்தான். அடுத்த பக்கத்தில் அதே தலை, வேறு வால்கள். சில எழுத்துகளின் தலையில் சின்னச் சின்னக் கோடு. ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம். இங்கிலீஷும் இல்லை, மலாயும் இல்லை. உன் அம்மா எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "காந்தாவா? யாருங்க அது, எந்த வீட்டுப் பொண்ணு?" என்றாள். அவளுக்கு அதில் பாதி சந்தோஷம்கூட இருந்தது. நானோ ஓரத்து இலக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்குள் பிந்தாங் தீகாக் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லாரி, அடையாளக் கார்டு இல்லாமல் கடைக்குப் போக முடியாது. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒருவன் சட்டைப் பையில் ஏதோ எழுதிய காகிதம் இருந்ததால் ஆளையே காணோம் என்று பேச்சு. எங்கள் கவுண்டரில் எங்களுக்கு இட்டிருந்த உத்தரவு ஒன்றுதான்: புரியாத எழுத்தில் எவன் தந்தி கொடுத்தாலும் வாங்கிக்கொள், சிரித்துக்கொண்டே அனுப்பிவை, பிறகு மேலே காட்டு. ரப்பர் வியாபாரிகள் செலவைக் குறைக்க ரகசியச் சொற்களில் தந்தி அடிப்பார்கள். ஒரே தலை, வேறு வேறு வால், பக்கத்தில் இலக்கம் என்று அந்தச் சங்கேதப் புத்தகங்களை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். உன் நோட்டு அச்சாக அப்படியே இருந்தது. ஒரு தந்தி கிராணியால்தான் அந்த நோட்டை அப்படிப் படித்திருக்க முடியும். வேறு எந்த அப்பனாக இருந்தாலும், நீ வீட்டுக்கு வந்ததும், "இது என்னப்பா?" என்று கேட்டிருப்பான். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. நீ பந்தாடிவிட்டு வர இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

நான் காத்திருக்கவில்லை. நோட்டைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழர் ஒருவரைக் கவுண்டரில் பார்த்துப் பழக்கம். "ஒண்ணுமில்ல சார், இது என்ன எழுத்துன்னு சும்மா பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "எங்க கெடச்சுது கிராணி?" என்றார். ரோட்டில் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். உள் அட்டையில் உன் பெயர் இருந்தது. "என் மகனோடதுதான்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வச்சுட்டுப் போங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்றார். திரும்பக் கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. உனக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தால் போனேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. தந்தி ஆபீஸ் கிராணி மகனிடம் சங்கேத நோட்டு என்று யாராவது முதலில் கண்டுபிடித்தால் என் வேலை போய்விடும், நானே கொண்டுபோய்க் கொடுத்தால் நான் தப்பிப்பேன். அந்தக் கணக்கும் என் மண்டைக்குள் ஓடியது. உன்னிடம் பொய் சொல்லி அலுத்துவிட்டது, தம்பி.

மறுநாள் காலையில் அவர்கள் வந்தபோது நீ தட்டில் இட்டிலியைப் பிட்டுக்கொண்டிருந்தாய். கையைக் கழுவக்கூட விடவில்லை. நீ திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, நான் ஒண்ணும் பண்ணலன்னு நீங்க சொல்லுங்கப்பா" என்றாய். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதில் பாதி நடிப்பு. என்னமோ அப்போதுதான் இடி விழுந்த மாதிரி உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோட்டின் ஓரத்தில் நாகாவின் பெயரும் இருந்ததால் அவனையும் அன்றே பிடித்தார்கள். அவனை இரண்டாம் நாள் விட்டுவிட்டார்கள். உன்னைப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள்தான் யாருக்கோ அறிவு வந்து, நோட்டைப் போர்த்துகீசு சர்ச்சுப் பாதிரியார் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார்களாம். அவர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு, இதற்காகவா ஒரு பையனை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அழாத குறையாகத் திட்டினாராம். மொழிபெயர்ப்பாளர் நோட்டை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது இதைச் சொன்னார். "பாடுறதுதான் கிராணி. வேற ஒண்ணும் இல்ல. நான் பாடுறேன், நீ பாடுற, அவன் பாடுறான். ஸ்பானிஷ் பாடம்." கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடுகிறேன், பாடினேன், பாடிக்கொண்டிருந்தேன், பாடுவேன். இதற்கு என் பிள்ளையை நான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று எனக்குக் கிடைத்த அதிர்ச்சியில் நடிப்பு துளியும் இல்லை.

அந்த நோட்டு எரிந்துபோனது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதுவும் பொய். அது என் ஆபீஸ் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆறு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் சிரிப்பாய், எனக்கு அந்த ஒரு வினைச்சொல் முழுசாக மனப்பாடம். நிகழ்காலத்துக்கு ஆறு, முடிந்துபோன காலத்துக்கு ஆறு, வழக்கமாகச் செய்துவந்ததற்குத் தனியாக ஆறு, எதிர்காலத்துக்கு ஆறு. பாடியிருந்தால் என்ற நடக்காத காரியத்துக்கு ஒரு பக்கம். அவன் பாடட்டும், பாடினால் நன்றாக இருக்கும் என்ற ஆசைக்கும் சந்தேகத்துக்கும் ஒரு பக்கம். கடைசியில் 'பாடு' என்கிற கட்டளை. ஒரு பக்கத்தின் மேல் நீ தமிழில் எழுதியிருக்கிறாய்: "நம்ம தமிழ் மாதிரிதான். வாலைப் பார்த்தே யார் பாடுறான்னு தெரிஞ்சிடும். நான், நீ என்று தனியா சொல்லத் தேவையில்லை." அதற்கு நேராக, நாகாவின் கோணல் எழுத்தில், 'ஞாஞி, ஞாஞி, ஞாஞி' என்று ஆறு முறை மலாய் எழுத்தில் இருக்கிறது. மலாயில் யார் பாடினாலும், எப்போது பாடினாலும் ஒரே ஞாஞிதான். தமிழ் சரியாக வராத செட்டிப் பிள்ளைக்கு இந்த வால் விவகாரம் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். நீ அவனுக்காகப் பக்கத்துக் கட்டத்தில் தமிழிலும் போட்டுக் காட்டியிருக்கிறாய்: பாடினேன், பாடினாய், பாடினான். அவன் தப்பு விட்ட இடத்தில் எல்லாம் பெயரைப் போட்டுச் சுழித்திருக்கிறாய். அந்தச் சுழிகளால்தான் போலீஸ் அவனைப் பிடித்தது. இந்தத் தமிழ் வரிகள்வரை நான் அன்று புரட்டவில்லை; ஸ்டேஷனிலோ இவற்றையே சங்கேதத்துக்குச் சாவி என்று எடுத்துக்கொண்டார்களாம்.

நீங்கள் இருவரும் எதற்காக இதைப் படித்தீர்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். தென்னமெரிக்காவிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துப் பதில் எழுத சிங்கப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று ஆள் தேடியதாகவும், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமைத்த நாகாவின் சின்னம்மா அந்தப் பாடப் புத்தகத்தை வாங்கி வந்ததாகவும் உன் அம்மா சொன்னாள். இருந்தது ஒரே இடம். இருவரும் பரீட்சைக்குப் போவது, யாருக்குக் கிடைத்தாலும் சரி என்று பேசி வைத்திருந்திருக்கிறீர்கள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாய்? நீ தந்தி வேலைக்குத்தான் மனுப் போட வேண்டும், மலாக்காவை விட்டுப் போனால் காலை உடைப்பேன் என்று நான்தானே கத்தியிருந்தேன். நீ நோட்டை மெத்தைக்கு அடியில் வைத்ததற்கும் காரணம் நான்தான். பரீட்சை நாள் நீ உள்ளே இருந்த பத்தொன்பது நாளில் பதினொன்றாம் நாள் வந்து போனது.

நீ வெளியே வந்த அன்று குளித்துவிட்டு, சாப்பிடாமல், என் எதிரில் உட்கார்ந்தாய். "யாருப்பா சொல்லியிருப்பா? நாகாவ மட்டும் ரெண்டே நாள்ல விட்டுட்டாங்க" என்றாய். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னது என்ன தெரியுமா? "இந்தக் காலத்துல யாரை நம்புறது" என்றேன். அவன் பெயரை நான் சொல்லவில்லை என்று இத்தனை நாள் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் உன் கண் மாறியதைப் பார்த்தேன். இருந்தது ஒரே இடம், அதற்காகத்தான் செய்துவிட்டான் என்று நீ முடிவு கட்டியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

அடுத்த வாரம் தெங்கேரா சந்தை வாசலில், அத்தனை பேர் முன்னால், அவன் சட்டையைப் பிடித்து நீ 'தாலி பாருட்' என்று கத்தினாயே, காட்டிக்கொடுக்கிற நாய் என்று, அப்போது நான் மீன் பையோடு உனக்குப் பத்தடி பின்னால் நின்றேன். அவன் பதில் பேசவில்லை. உன்னைப் பார்த்தான், உன் தோளுக்குமேல் என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு, அதனால் வாய் திறக்கவில்லை என்று நீ சொன்னாய். நான் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன், தம்பி. அதன்பிறகு அவன் மூன்று முறை நம் வீட்டுக்கு வந்தான். நீ இல்லை என்று மூன்று முறையும் நானே திருப்பி அனுப்பினேன். நீ கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனாய். மெர்டேக்கா என்று சுதந்திரமும் வந்தது, ஊரே பாடாங் மைதானத்தில் கூடிக் கொண்டாடியபோது அவனைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

நேற்றுச் சாயங்காலம்தான் துணிந்து அவன் வீட்டுக்குப் போனேன். உனக்குச் சொல்லும் முன்பு அவனிடம் சொல்லிவிட வேண்டும், அவன் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போனேன். பண்டார் ஹிலிரில் சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறான். அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். வாத்தியார் பயிற்சிக்கு மனுப் போட்டவன் அவன். போலீஸ் பதிவில் பெயர் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்களாம். அதுவும் நேற்றுத்தான் தெரிந்தது. அவன் அம்மா கேபாயாச் சட்டையும் சரோங்குமாக வந்து ஒரு குவளை தே ஓ, பால் இல்லாத தேத்தண்ணீர், வைத்துவிட்டு உள்ளே போனார். நான் குவளையைத் தொடவில்லை. மலாயில், எனக்கு வந்த மாதிரி சொன்னேன். நாகா, அந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்று.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தாவு மாமா. லாமா சுடா தாவு" என்றான். தெரியும் மாமா, ரொம்ப நாளாகத் தெரியும் என்று.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, என்ன தெரியும் என்று கேட்டேன். அவன் மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "மொத நாளே தெரியும் மாமா. நான் மலாய் பேசுற பையன்ல, அங்க இருந்த மாத்தா-மாத்தா எல்லாம் எங்கிட்ட நல்லாத்தான் பேசினாங்க. ஒருத்தரு சொன்னாரு, பாவம் அந்தப் பையன், அவன் அப்பனே கொண்டாந்து கொடுத்துட்டான்னு." போலீஸ்காரர்கள் உன்னிடம் சொல்லாததை அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தும் ஏன் உன்னிடம் சொல்லவில்லை, சந்தையில் நீ அவனை அப்படிப் பேசியபோதுகூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் ஏதோ சில்லறை விஷயத்தைக் கேட்ட மாதிரி சொன்னான்: "நான் போனா அவனுக்கு இன்னொரு கூட்டாளி கெடைப்பான் மாமா. அப்பா கெடைப்பாரா?"

தம்பி, என்னைக் கேவலமாகத் திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவன் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. எனக்கு நாற்பத்தாறு. சரி, அவனாவது சிங்கப்பூர் பரீட்சைக்குப் போனானே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். நீ நினைத்த மாதிரியே, போய்த் தோற்றுவிட்டு வந்தான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவன் உள்ள கெடக்கான். நான் மட்டும் போயி காந்தோ, காந்தாஸ்னு ஒப்பிச்சிட்டு வரவா?" என்றான். அவன் போகவே இல்லையாம். அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறான், உன்னைப் பார்க்க விடுவார்களா என்று.

கிளம்பும்போது அவன் என்னிடம் ஒன்று கேட்டான். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றான். கல்யாண நேரம், அவன் மனசைக் கெடுக்காதீர்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சொல்லையும் இப்போது மீறுகிறேன். நான் சொன்ன சொல்லில் எது நின்றது, இது நிற்க? இன்று காலை உன் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மணி மூன்றாகிறது, இன்னும் வரவில்லை.

கல்யாணக் கடிதம் என்றால் அப்பன் நாலு நல்ல புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டால் கேள். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அது எதையாவது ஒளித்து வைக்கும். உனக்குப் பயம் வரும். அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு வேறு எவனிடமும் போகாதே. பிள்ளை வரும் வரைக்கும் உட்கார்ந்திரு. வந்ததும் அதன் முகத்தைப் பார்த்து நேராகக் கேள். உன் பெண்டாட்டியிடமும் அப்படியே. கேட்டுத் தெரிந்துகொண்ட எதுவும் நான் கேட்காமல் செய்ததைவிட மோசமாக இருந்துவிடாது.

நாகாவின் பெயரை நான் பட்டியலில் எழுதவில்லை. பத்திரிகை கொண்டுபோய் நீட்டுகிற முகம் எனக்கு இல்லை, அது நீ செய்ய வேண்டியது. மாப்பிள்ளைத் தோழனாக உன் மாமன் மகனைச் சொல்லி வைத்திருக்கிறாய். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வா. இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. நேராக நாகா வீட்டுக்குப் போ. ஞாயிறு அவன் வீட்டில்தான் இருப்பான், கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அவனிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. பிறகு இங்கே வர மனம் வந்தால் வா. வராவிட்டால், மணவறையில் அவன் உன் பக்கத்தில் நின்றான் என்று யாராவது வந்து சொன்னால் போதும் எனக்கு.

அப்பா